நாலு மணிப் பதிவு

மார்ச் 3

கடை விடுமுறை. நாலு மணிக்குக் கம்ப்யூட்டரோடு இணைத்த டிவி பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பி காய்ச்சலில் போய் ஆறு வாரம். அவன் நேரம் குறித்துவைத்த சமையல் நிகழ்ச்சியை மென்பொருள் இன்னும் தவறாமல் பதிவு செய்கிறது. முட்டை அவிக்கத் தெரியாதவனுக்கு இப்படி ஒரு பைத்தியம்! ரத்து செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை.

மார்ச் 9

அம்மாவிடம் அந்தப் பன்னிரண்டு வினாடியைப் போடவா என்று கேட்டேன். பதிவுப் பெட்டி வாங்கிய அன்று, டிவி செய்தியில் அவனே வந்ததைச் சோதித்துப் பார்க்கப் பதிவு செய்தது. பஸ் நிறுத்தத்தில் செய்திக்காரர் மைக்கை நீட்ட, "பஸ் வரும் சார். வராம எங்க போயிடும்?" என்று சிரிக்கிறான். அவன் குரல் வேறெங்கும் இல்லை. என் கல்யாண வீடியோவை எடுத்தவனே அவன்தான். பேச்சையெல்லாம் அழித்துவிட்டுப் பாட்டைச் சேர்த்துவிட்டான், மடையன்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிறேன், அவளுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

"இப்ப வேணாம்பா. தாங்குற அன்னிக்கு நானே கேக்கறேன்" என்றாள்.

மார்ச் 30

கம்ப்யூட்டர் வட்டில் இடமில்லை என்று எச்சரிக்கை. அவன் முன்பே சொல்லியிருக்கிறான்: "வேணுங்கறதப் பூட்டி வைண்ணா. இடம் பத்தலேன்னா பூட்டாததைப் பழசுலேருந்து தின்னுடும்." உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூட்டினேன். இருநூற்றுப் பதினாறு சமையல். அவன் பிடித்துவைத்ததில் ஒன்றைக்கூட விடமாட்டேன். முதுகு விட்டுப்போயிற்று, மனசுக்கு மட்டும் நிம்மதி.

ஏப்ரல் 17

காலையில் அம்மா தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்குப் போடு."

இல்லை.

ஏப்ரல் 18

கடைக்குப் போகவில்லை. எப்படி இல்லாமல் போகும்? யோசித்து யோசித்துத்தான் புரிந்தது. அது சமையல் பட்டியலில் இல்லை. 'சோதனை' என்ற பெயரில் தனியாகக் கிடந்ததைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். சமையலையெல்லாம் பூட்டிவிட்டேன், புதிதாகப் பதிவு செய்ய இடம் வேண்டும், பூட்டாத பழசு அது ஒன்றுதான். அன்றைக்கே ரத்து பண்ணியிருந்தா போதுமே. நானே பூட்டி நானே தொலைச்சேனே — என்ன மனுஷன் நான்?

அம்மாவிடம் கம்ப்யூட்டர் பழுது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20

பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். ஒரு மணி நேரம் தேடினார், நல்ல மனிதர். "அழிச்சதுக்கு மேலயே எழுதியாச்சு சார். அந்த இடத்துல இப்ப சமையல்தான் இருக்கு." காசு வாங்கவில்லை. அதுதான் என்னை அழவைத்தது, நடுக்கடையில், நாலு பேர் பார்க்க.

ஏப்ரல் 21

பழுது சரியாச்சா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

ஏப்ரல் 26

மறுபடியும் கேட்டாள்.

மே 2

காலையில் சமையல் நிகழ்ச்சியின் பதிவை ரத்து செய்தேன். நாலு மணிக்கு விளக்கு எரியவில்லை. பதிவு தொடங்கும்போது பெட்டி போடும் 'டிக்' சத்தம் கேட்காததை அம்மா கவனித்துவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று இருந்தேன். என் தலைமேல் கையை வைத்தாள்.

போனில் என் குரலும் தம்பி குரலும் அவளுக்கே மாறிப்போகும். அதை நினைத்தாளோ என்னவோ, "நீ சொல்லு, கேக்கறேன்" என்றாள்.

சொன்னேன். "பஸ் வரும் சார். வராம எங்க போயிடும்?"

"அவன் சிரிச்சிட்டே சொன்னான்னியே."

மறுபடியும் சொன்னேன். சிரிப்பு வரவில்லை. நாளைக்கும் கேட்பாள்.