அணைக்கக் கூடாத வண்டி

தம்பி,

வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சட்டை மாற்றிக் கிளம்புவதற்குள் நீ குளித்துவிட்டு வந்து, சும்மா எதற்கு ஓடுகிறது என்று அணைத்துவிடாதே. மூன்றாவது ஸ்டார்ட்டர் மோட்டாரும் போய்விட்டது. "இனிமே உங்க ஆயுசுக்கும் தொல்லை இல்ல சார்" என்று மெக்கானிக் மாட்டிவிட்ட அதே மோட்டார்தான். தெரு இறக்கத்தில் உருட்டித்தான் உயிர் கொடுத்தேன்.

சம்பந்தி வீட்டாரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகிறேன். பால் காய்ச்சி மூடியிருக்கிறேன். மாடி அறைச் சாவி ஆணியில் தொங்குகிறது, மருமகளிடம் கொடு.

நேற்று நீ, "டாக்ஸி பிடிங்கப்பா, கௌரவம் ஒண்ணும் குறைஞ்சிடாது" என்றாய். குறையும். போன தடவை நடுரோட்டில் சம்பந்தி வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார். "பொண்ணையும் குடுத்து, வண்டியையும் நாங்களே தள்ளணுமா சம்பந்தி?" என்று சிரித்தார். நீயும் சேர்ந்து சிரித்தாய். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு இறங்கவும் முடியவில்லை, தலை நிமிரவும் முடியவில்லை.

இந்தத் தடவை ஸ்டேஷனிலும் அணைக்கப் போவதில்லை. நான் இறங்கினால் நின்றுவிடுமோ என்று பயம்; உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டு வரவேற்பேன். அதுவும் மரியாதை இல்லைதான். வேறு வழி?

பின்குறிப்பு: இதை எழுதும்போதே வாசலில் சத்தம் நின்றுவிட்டது. நீ அணைக்கவில்லை, குளியலறையில் இன்னும் தண்ணீர் விழுகிறது. தெருமுனைக்கு நடந்து போய் டாக்ஸி பிடிக்கிறேன். நாங்கள் வருவதற்குள் வண்டியை உள்ளே தள்ளிவிடு. சம்பந்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சிரிப்பதானால், அவர் சிரித்த பிறகு சிரி.

அப்பா