வீட்டில் இருவர், நலம்

என்னங்க,

உங்கள் இணையப் பக்கத்தை நான் மூடவில்லை. "படம் இல்ல, விளம்பரம் இல்ல, வெறும் எழுத்து. இதை யாரும்மா படிக்கப் போறாங்க?" என்கிறாள் வெளியூரிலிருந்து போனில் மகள். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணுவதே உங்களுக்குப் பிடிக்காதே.

தினமும் காலையில் உங்களைப் போலவே எழுதுகிறேன். முதலில் வானிலை, பிறகு சமையல், கடைசியில் "வீட்டில் இருவர், நலம்." உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன மறுநாள்கூட அதை மாற்ற மனம் வரவில்லை. அப்புறம் மாற்றத் தேவையும் இருக்கவில்லை. மாடியில் உங்கள் இருமல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இன்று பக்கத்தைத் திறந்தால், "வீட்டில் மூவர், நலம்" என்றிருக்கிறது. கடவுச்சொல் நம் இருவருக்கும்தான் தெரியும். நான் மாற்றவில்லை.

எனக்குக் கோபம்தான் வருகிறது. சொல்லாமல் கொள்ளாமல் யாரைக் கூட்டி வந்திருக்கிறீர்கள்? இதோ, நீங்கள் மாடியில் இருமுகிறீர்கள். அப்படியானால் சமையலறையில் நாற்காலியை இழுப்பது யார்?

இதைக் காகிதத்தில் எழுதி உங்கள் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். பதிலை அந்த இணையப் பக்கத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்று மகள் கேட்டாளே, அவர் வந்துவிட்டார்.

உங்கள் மனைவி