பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

9 ஜனவரி

என் அருமை மூளைக்காரிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். உன் அத்தை நலம், அவள் வாயும் நலம். போனில் கூப்பிட்டால் "லேப்ல இருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் வழக்கம்போல இது.

உனக்குப் பரிசு கிடைத்த பத்திரிகைச் செய்தியை முடிவெட்டும் கடையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை ஒரு வேலையை யோசித்து யோசித்துக் கற்கிறதாம். பழகியதும் உள்ளே ஆழத்தில் இருக்கும் அடிமூளை முடிச்சுகள் அதை எடுத்துக்கொள்கின்றனவாம். எலியில் தொடங்கி மனிதர் வரை பதினைந்து வருஷம் நீ ஆராய்ந்தது இதைத்தான் என்று போட்டிருந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன், இது என் டிரைவிங் பள்ளியில் தினமும் நடக்கிற சங்கதி என்று. முதல் நாள் கிளட்சை நினைத்தே வேர்த்துக் கொட்டுகிறவன், மூன்றாம் மாதம் கிளட்சை மிதித்தபடியே மாமியாரைத் திட்டுகிறான். கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதே, மற்ற பையன்களும் ஒருமுறை முதல் மார்க் வாங்கட்டும் என்றுதான்.

எல்லாம் சரி. கடைசி வரியில் கொண்டுபோய் "என் பேராசிரியர் எனக்கு அப்பா மாதிரி" என்று சொல்லியிருக்கிறாயே. அந்த வரியை மட்டும் நான் படிக்கவில்லை. இருமல் வந்துவிட்டது. உன் அப்பா போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்தது யார்? நீ கார் ஓட்டப் பழகியபோது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது யார்? என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. ஒருநாள்கூட அதை நான் மிதிக்கவில்லை. அத்தனை நம்பிக்கை.

பத்திரிகைப் படத்தில் அந்த மனிதர் பலகையில் எழுதியிருப்பதையும் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. ரொம்பப் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம்.

இப்படிக்கு,
பத்திரிகையில் வராத உன் மாமா

28 ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

பொறாமையா மாமா? வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பாரம் குறையும்.

பிரேக்கை ஒருநாள்கூட மிதிக்கவில்லையா? தபால் பெட்டியை நோக்கி நான் போனபோது நீங்கள் மிதித்த மிதியில் என் பல் உதட்டில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

ஏப்ரலில் எனக்கென்று ஒரு சொந்த ஆய்வுக்கூடம் திறக்கிறார்கள். பேராசிரியர் கதவைத் திறந்து வைக்கிறார். நீங்களும் அத்தையும் முன்வரிசையில் உட்கார வேண்டும். கோபப்படாமல் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூளைக்காரி

15 பிப்ரவரி

அருமை மருமகளே,

பொறாமையா, எனக்கா? நன்றாக இருக்கிறது கதை. அவர் திறக்கட்டும். கதவுதானே, தள்ளினால் திறக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்ட ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பார்.

நான் ஒன்றும் இளைத்தவன் இல்லை என்று தெரிந்துகொள். இந்தக் கடிதத்தைப் பார். எழுத்து எத்தனை பொடியாக இருக்கிறது! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பயிற்சி எடுக்கவில்லை, தானாகவே வந்துவிட்டது. உன் பேராசிரியர் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார், என்னுடையது இன்னும் பொடி.

நடையிலும் ஒரு கம்பீரம் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் இடது கையை வீசுவதே இல்லை. பெரிய அதிகாரி மாதிரி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அடியளந்து நடக்கிறேன். கடைக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்து, "என்ன அண்ணே, முகமெல்லாம் நீதிபதி மாதிரி ஆயிடுச்சு, சிரிக்கவே மாட்டேங்கறீங்க" என்றார். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது என்று உன் அத்தை முணுமுணுக்கிறாள். பெரிய மனிதர்களுக்கு அவசரம் ஏது?

போன வாரம் ஒரு மாணவி காரைச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினாள். யாருக்கும் ஒன்றுமில்லை. முழுக்க அவள் தப்பு. சுவரும் பழைய சுவர்.

இப்படிக்கு,
திறப்பு விழாவுக்கு வராத மாமா

24 பிப்ரவரி

அன்புள்ள மாமா,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதங்களையெல்லாம் மேஜையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். போன வருஷம் ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் பிடிக்கும், அத்தனை பெரிய எழுத்து. இப்போது வரி தொடங்கும்போது கண்ணுக்குத் தெரிகிறது, முடியும்போது பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. அது படிப்பு இல்லை மாமா.

சுவர் விஷயத்தையும் அத்தை சொன்னாள். அந்தப் பெண் தடுமாறியது நிஜம். உங்கள் கால் பிரேக்குக்கு வர நேரமானதும் நிஜம்.

எழுத்து, கை, நடை, முகம், கால் எல்லாம் ஒரே இடத்துக் கோளாறாக இருக்கலாம். நான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே அடிமூளை முடிச்சுகள். இல்லாமலும் இருக்கலாம். கடிதத்தை வைத்து வைத்தியம் சொல்லக்கூடாது, நான் வைத்தியம் பார்க்கிற டாக்டரும் இல்லை. ஆனால் பேராசிரியர் வைத்தியமும் பார்க்கிற டாக்டர். இதைப் பார்ப்பதில் அவரைவிட நான் நம்புகிற ஆள் கிடையாது. மருந்து இருக்கிறது. சீக்கிரம் பார்த்தால் நல்லது.

உங்களைக் கூப்பிட்டால் வரமாட்டீர்கள் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப நாமளே போயிடுவோம்" என்றார். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அதுவரை யாரையும் பக்கத்தில் வைத்துக் கார் எடுக்காதீர்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அவர் அப்பா மாதிரிதான். நீங்கள் யார் மாதிரி என்று பேட்டி எடுத்த நிருபரிடம் சொல்ல, ஒப்பிட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

உங்கள் மருமகள்

6 மார்ச்

என் கண்ணு மூளைக்காரிக்கு,

உன் கடிதம் வந்ததும் உன்மேல் ஆத்திரமாக வந்தது. என்னையும் எலிக் கூண்டில் போட்டுவிட்டாளே என்று அத்தையிடம் கத்தினேன். அவள் பக்கத்தில் வந்து என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவள் திட்டாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

மறுநாள் ஷெட்டில் நிற்கிற காரில் தனியாக ஏறி, என் இடத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கால் போகிறது. ஆனால் "போ" என்று நான் சொன்ன பிறகு போகிறது. இத்தனை வருஷமும் சொல்லாமலே போன கால் அது. எனக்கு எதிரே சுவர் வந்ததுகூடப் பெரிதில்லை கண்ணு. அந்தப் பெண் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். பள்ளிப் பலகையையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாகிவிட்டது. கடையில் கேட்டவர்களிடம், என்னை வைத்து ஆராய்ச்சி செய்ய ஒரு பெரிய பேராசிரியரே வீடு தேடி வருகிறார் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார், நீ ஆயுசெல்லாம் படித்த அதே முடிச்சிலேயே எனக்குக் கோளாறு என்றால், வேறு எந்த மாமனுக்கு இப்படி வாய்க்கும்? அப்பா மாதிரி இருக்கிற அந்த மனிதரால் இது முடியுமா?

சரி. கூட்டிக்கொண்டு வா. கையைக் காட்டச் சொன்னால் காட்டுகிறேன், எழுதச் சொன்னால் எழுதுகிறேன். கதவையும் அவரே திறக்கட்டும், நான் முன்வரிசையில் உட்காருகிறேன். ஆனால் மருந்து உள்ளே போய்க் கால் கொஞ்சம் சொன்னபடி கேட்டதும், அவரே சரி என்றால், காலி மைதானத்தில் எனக்கு ஒரே ஒரு சுற்று வேண்டும். நான் ஓட்டுகிறேன். நீ என் இடத்தில் உட்கார். உன் காலடியில் அந்த இரண்டாவது பிரேக் இருக்கும். சும்மா சும்மா மிதிக்காதே. காலை மட்டும் அதன் மேலிருந்து எடுக்காதே.

உன் பேராசிரியரைப் பின் சீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
யார் மாதிரியும் இல்லாத உன் மாமா