எங்க மாடியிலும் சோலார் வந்தாச்சு, எஸ்தர் அக்கா

பாசத்துக்குரிய எங்க எஸ்தர் அக்காவுக்கு,

நீங்க போன பிறகு இந்த வீட்டுல எடுத்த பெரிய முடிவு இதுதான். மாடியில சோலார் வச்சாச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம வைக்கவேண்டி வந்ததே, அது ஒண்ணுதான் குறை. நீங்க இருந்திருந்தா ஒரு சாயா குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடிவாகியிருக்கும். நாங்க ரெண்டு பேரும் மாசக்கணக்கா யோசிச்சோம்.

குவைத்துல நர்ஸ் வேலை முடிஞ்சு வந்த கையோட நீங்க சோலார் வச்சப்போ, தெருவுல முதல்ல சிரிச்சது எங்க வீட்டுக்காரருதான். "ரெண்டு பருவமழையும் கொட்டுற நாட்டுல அக்கா வெயிலுக்கு வலை விரிக்காங்க"ன்னு சொன்னாரு. "கரண்ட் போவட்டு, அப்ப பேசுவோம்"னு நீங்களும் சிரிச்சீங்க.

பேசவேண்டிய நாளும் வந்ததே அக்கா. அதுக்குள்ள இவருக்கு நுரையீரல் சுருங்குற வியாதி வந்து, வீட்டுல ஆக்சிஜன் மெஷின் ஓட ஆரம்பிச்சிருந்தது. அந்தப் புயல்ல ரப்பர் மரமெல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து, கரண்ட் கம்பமெல்லாம் முறிஞ்சு கிடந்தது. தக்கலைக்குப் போய் ஆக்சிஜன் சிலிண்டர் மாத்திட்டு வர வழியில்ல. வீட்டுல இருந்த ஒரே சிலிண்டர்ல மீட்டர் முள்ளு இறங்கிட்டே வருது. அதை இவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அடுக்களையில நின்னேன். அப்பதான் ஜன்னலுக்கு வெளியே உங்க குரல்.

"ஏட்டி உமா, மதிலுக்கு மேல வயர் போடுகேன். பிடி."

"அக்கா, அப்ப உங்களுக்கு?"

"எனக்கு மூச்சு விட மூக்கு போதும். அவனுக்குத்தான் மெஷின் வேணும். பேசாம பிடிட்டி."

புயல் ஓஞ்சு வெயில் நல்லா அடிச்சது. உங்க பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்காதுன்னு, பகல் முழுக்க உங்க சோலார்ல மெஷின், ராத்திரிக்கு சிலிண்டர்னு பிரிச்சு வச்சதும் நீங்கதான். பிரிட்ஜை அணைச்சுட்டு, குளச்சல் மீனையெல்லாம் தெருப்பூனைக்குப் போட்டீங்க. மோட்டார் போடாம, அந்த முட்டுவலியோட கிணத்துல தண்ணி கோரினீங்க. லைன் வந்த பிறகு நான் கையைப் பிடிச்சு ஏதோ சொல்ல வந்தேன். "சாயா குடிக்கியா?"ன்னு கேட்டுப் பேச்சை மாத்திட்டீங்க. சொல்லவந்தது அப்படியே எனக்குள்ள நின்னுபோச்சு அக்கா. அதைத்தான் இப்ப எழுதுறேன்.

போன ஐப்பசியில உறக்கத்துலயே போயிட்டீங்க. யாருக்கும் ஒரு வேலை வைக்கல.

அதுக்கப்புறம்தான் சோலார் பேச்சு வந்தது. மார்த்தாண்டத்துல இருந்து ஒருத்தர் வந்து மாடியை அளந்தாரு. பக்கத்துத் தென்னையை அண்ணாந்து பாத்து, "தேங்காய் விழாத பக்கமா வச்சிரலாம்"னாரு. பேட்டரி இல்லாம வச்சா செலவு குறைவு, கரண்ட் பில்லும் நல்லா குறையுமாம். ஆனா லைன்ல கரண்ட் போச்சுன்னா அதுவும் நின்னுருமாம். பேட்டரியோட வச்சா இருட்டிலயும் ஓடும், ஆனா செலவு கூடுதல்.

எனக்கு பேட்டரிதான் வேணும். இவரு ஒத்துக்கல. "எனக்கு ஒருத்தனுக்காக எதுக்கு இவ்வளவு? நான் இன்னும் எத்தனை காலம்? உனக்கு பில்லு குறைஞ்சா போதும்"னு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

ஆடிக் காத்துல ஒரு மரம் லைன்மேல சாஞ்சு கரண்ட் போச்சு. நான் திருவட்டாறு ஸ்கூல்ல பாடம் எடுத்துட்டு இருக்கேன், இவரு வீட்டுல தனியா. சேதி தெரிஞ்சதும் ஆட்டோ பிடிச்சு ஓடிவந்தேன். சட்டையெல்லாம் வேர்த்து, உங்க வீட்டைப் பாத்த ஜன்னலுக்குக் கீழ தரையில இருந்தாரு. மூக்குல குழாய் இருந்தது. சிலிண்டரைத் தானே இழுத்து மாத்தியிருக்காரு.

"பயந்துட்டீங்களா?"ன்னேன்.

"இல்ல உமா. சிலிண்டரை மாத்திட்டு நேரா இந்த ஜன்னலுக்கு வந்து இருந்துட்டேன். எஸ்தர் அக்கா கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அக்கா இல்லங்கற நெனவே வந்துச்சு." அழுதுட்டாரு. "இனி யாரு கூப்பிடுவா?"

மூச்சு சீரானதும் அவரே போனை எடுத்தாரு. "பேட்டரி உள்ளதையே வச்சிருங்க. நான் இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம்னு இருக்கேன்"னாரு. எங்கிட்ட சொல்லல, மார்த்தாண்டத்துக்காரர்கிட்ட சொன்னாரு. ஆனாலும் என் காதுல விழுந்துச்சு அக்கா. அடுக்களைக்குள்ள போய் நின்னு, நானும் கொஞ்சம் அழுதேன்.

வேலை முடிஞ்ச அன்னைக்கு மாடிக்கு ஏறணும்னு ஒரே பிடிவாதம். சின்ன சிலிண்டரை நான் தூக்கிக்கிட்டேன். படியில உக்காந்து உக்காந்து ஏறினாரு. மேல வந்ததும் வேளிமலைப் பக்கம் பாத்துட்டு நின்னாரு. மாடியில நின்னு மலையைப் பாத்து எவ்வளவு காலமாச்சு! அப்புறம் உங்க மாடிப்பக்கம் திரும்பினாரு. உங்க பேனல்மேல சருகும் காக்கா எச்சமும் படிஞ்சு கிடந்தது.

"அக்கா இருந்தா இப்படி விட்டிருப்பாங்களா? போய் கழுவி விடு"ன்னாரு.

சாவி எங்கிட்டதான் இருக்கு. குவைத்துல இருக்குற உங்க மகன், வீட்டைப் பாத்துக்கிடச் சொல்லித் தந்துட்டுப் போனான். பேனலைக் கழுவினேன். பேட்டரியில தண்ணி வத்தியிருந்தது, பாத்து ஊத்தினேன். மறுநாள் போய், லைட்டு எரியுமா எரியாதான்னு நெனச்சுக்கிட்டே சுவிட்சைத் தட்டினேன். எரிஞ்சது அக்கா. உங்க அடுக்களை நல்லாத்தான் இருக்கு. சாயா பாத்திரத்தை மட்டும் துடைச்சு வச்சுட்டு வந்தேன்.

இவரு இன்னைக்கு நல்லா இருக்காரு. காலையில தோசையில உப்பில்லன்னு சண்டை போட்டாரு. அந்தச் சண்டையும் நீங்க தந்ததுதான்.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன். உங்க மகன் எப்ப ஊருக்குத் திரும்பினாலும் இருட்டுல கதவைத் திறக்கமாட்டான். அதுவரைக்கும் உங்க சோலாரை நான் ஓடவச்சிருப்பேன்.

கூடப் பிறக்காத உங்க தங்கச்சி,
உமா