திராட்சைக்கொடித் தலைப்பாகை

ஜூலை 7, 2024, ஞாயிறு

இன்று காலை பாசார் காராட் பழைய சாமான் சந்தையில் கந்தசாமி அண்ணன் என் கண் முன்னாலேயே ஒரு கேமியோவைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். இரண்டு வாரம் கழித்து நானே இதைக் கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடுவேன்.

ஏழரைக்கெல்லாம் போய்விட்டேன். சீனக் கிழவர் விரித்திருந்த துணியில், ஓடாத கைக்கடிகாரங்களுக்கு நடுவே அது கிடந்தது. சங்கு ஓட்டில் செதுக்கிய உருவ அணி, ஊக்கு வைத்துச் சட்டையில் குத்திக்கொள்வது. கட்டைவிரல் அகலம்தான். பழுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஓர் ஆணின் பக்கவாட்டு முகம். என்னிடம் இருக்கும் பத்தொன்பது கேமியோவும் பெண் முகங்கள். லென்ஸை எடுத்துப் பார்த்தேன். தலையைச் சுற்றியிருப்பது திராட்சைக்கொடி. எந்தப் புண்ணியவானோ எதையோ போட்டுத் தேய்த்து இலைகளை மழுங்கடித்திருக்கிறான். வெறுங்கண்ணுக்கு அது தலைப்பாகை மாதிரித்தான் தெரிகிறது. மூக்குக்குக் கீழே சங்கின் பழுப்பு ரேகை ஒன்று ஓடுகிறது, மீசை போல. காதுக்குப் பின்னால் மட்டும் மூன்று திராட்சை மணிகள் தப்பியிருந்தன. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பாக்கஸ். ரோமானியர்களின் மதுக் கடவுள்.

லென்ஸைத் துடைப்பதற்காக அதைத் துணியில் வைத்தேன். அந்த ஒரு நொடியில் பின்னாலிருந்து ஒரு கை வந்தது.

"தலப்பா கட்டுன ஆளு. நம்ம ஆளு மாதிரி இருக்கே" என்றார் கந்தசாமி அண்ணன். கிழவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"வச்சிட்டீங்களேம்மா. அதோட, இந்த மாதிரி சாமானெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க கைக்குப் போறதுதான் நல்லது. நீங்க அழகுக்கு வாங்குறவங்க."

அழகுக்கு. நான். இருபத்தாறு வருஷமாகச் செங் ஊர்த் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரச் சோதனை பார்க்கிறவள். மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறவள். ஒரு கேமியோவின் விளிம்பில் இருந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு, அதைச் செதுக்கியவன் பெயரைத் தேடி எட்டு மாதம் நேப்பிள்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பியவள்.

ஜூலை 8

அழகுக்கா?

ஜூலை 13, சனி

செய்துவிட்டேன். வருத்தமே இல்லை. இப்போதைக்கு.

மாதம் ஒருமுறை பழம்பொருள் பிரியர்கள் ஏழெட்டுப் பேர் குத்புதீன் பாய் கடையின் மாடியில் கூடுவோம். கடை கீழே, டவுனில். மற்றவர்கள் நாணயம், தபால்தலை. கேமியோ சேர்ப்பது நானும் கந்தசாமி அண்ணனும்தான். அவர் புலாவ் செபாங்காரர், தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருக்கும் ஒவ்வொரு கேமியோவும் ஏதாவது ஒரு சீமாட்டி. எப்படித் தெரியும் என்று கேட்டால், "முகத்தப் பாத்தாலே தெரியல?" என்பார்.

இன்று அந்தப் பாக்கஸை வெல்வெட் துணியில் வைத்துக் காட்டினார். இந்தியர்தான், அதில் சந்தேகமே இல்லை, பெயர் மட்டும்தான் கிடைக்கவில்லை என்றார். நான் எதுவும் சொல்லாமல் தேநீரைக் குடித்திருக்கலாம்.

"அண்ணே, இது தம்புசாமி கங்காணியா இருக்குமோ?"

"யாரு அது?"

"உங்க ஊருப் பக்கம்தான். ஒரு துரை எழுதின கடுதாசி இன்டர்நெட்டுல இருந்திச்சு. தன்னோட கங்காணி போட்டோவ இத்தாலிக்கு அனுப்பி, சங்குல செதுக்கி வாங்குனாராம். ரொம்ப நேர்மையான ஆளாம். சொட்டுக் கள்ளு தொட மாட்டாராம்."

கடைசி வரியைச் சொல்லும்போது மேசைக்குக் கீழே தொடையைக் கிள்ளிக்கொண்டேன். மதுக் கடவுளுக்கு இப்படியொரு நற்சான்றிதழ் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். போட்டோவை அனுப்பிச் செதுக்கி வாங்கும் வழக்கம் நிஜமாகவே இருந்தது. அதனால் பொய் நன்றாகவே நின்றது. தம்புசாமி என்ற பெயர் வாயில் தானாக வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு தம்புசாமியாவது இருந்திருப்பார்.

"பின்னாடி கீறல் இருக்கு பாருங்க. செதுக்குனவன் அடையாளம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அது ஊக்கு மாற்றியவன் கை தவறிய கீறல்.

கந்தசாமி அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார். தம்புசாமி என்ற பெயருக்கு அடிக்கோடு போட்டு.

குத்புதீன் பாய் கேமியோவை வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பினார். காதுக்குப் பின்னால் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இறங்கும்போது படியில் மெதுவாக, "தங்கச்சி, அங்க திராட்சை இருக்கு" என்றார்.

"தெரியும் பாய்."

"தெரியுமா?" தலையை ஆட்டினார். "சரி லா. ஆனா ரொம்ப நாள் ஓட விடாதீங்க."

ஜூலை 17

வாட்ஸ்அப் குழுவில் கந்தசாமி அண்ணனின் ஆறு பத்திக் கட்டுரை. தலைப்பு, 'கள் தொடாத கங்காணி'. அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். சிரித்துச் சிரித்து முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் புவனேந்திரன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். கேமியோ என்றாலே "வெள்ளக்காரி தலைங்க" என்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் பாவம்லா" என்றார்.

எனக்குப் பாவமாகத் தெரியவில்லை. பார்க்கலாம்.

ஜூலை 30

கட்டுரை வளர்ந்துகொண்டே போகிறது. இப்போது தம்புசாமி கங்காணி புலியை விரட்டியிருக்கிறார். நான் அதைச் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இது சரியில்லை.

கந்தசாமி அண்ணன் போன் செய்தார். புலாவ் செபாங்கில் முனியாயி என்று ஓர் அம்மா இருக்கிறாராம், எழுபத்தாறு வயது. அண்ணன் கோயிலில் கதையைச் சொன்னபோது அந்த அம்மா எழுந்து நின்று, "என் பூட்டன் பேரு தம்புசாமி. கங்காணிதான்" என்றாராம்.

"பாத்தீங்களாம்மா? வாரிசே கெடைச்சாச்சு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல், என்றார். அந்த அம்மா சொல்லும் பூட்டனுக்குக் கள்ளென்றால் உயிராம். சம்பள நாளில் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டுமாம்.

"நான் எடுத்துச் சொன்னேன். இல்லம்மா, ஆராய்ச்சி வேற மாதிரி சொல்லுது, உங்க வீட்டுல தப்பா சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு. அழுதுட்டாங்க. சந்தோசத்துல."

வேறு சமயமாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

அந்தக் குடும்பத்தில் பூட்டனின் படமே இல்லையாம். கேமியோவைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பதினெட்டாம் தேதி படையல் வைக்கப் போகிறார்கள். பெயரைக் கண்டுபிடித்தவள் என்பதால் எனக்கும் அழைப்பு.

பாக்கஸுக்குப் பொட்டு வைத்து மாலை போடப் போகிறார்கள். என்னால்.

ஆகஸ்ட் 10

மாதக் கூட்டம். எல்லோரும் கலைந்தபின் பேசலாம் என்று காத்திருந்தேன். கந்தசாமி அண்ணன் விடவில்லை. "நான் அன்னிக்கு உங்கள அழகுக்கு வாங்குறவங்கன்னு சொல்லிட்டேன். தப்பும்மா. மனசுல வச்சுக்காதீங்க. இந்தப் பேரு நீங்க குடுத்தது" என்றார். என் கையில் ஒரு பொட்டலம். அவர் வீட்டு டுரியான் பழத்தில் கிண்டிய அல்வா.

அந்த மனிதர் மன்னிப்புக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்லாமல் இருக்க ஒரு சாக்கு. கோழை.

அல்வா நன்றாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 17

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அவரே பேசினார். போட்டோ எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறது, பந்தலுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு எங்கே நாற்காலி. கடைசியில் நான், "அண்ணே, அது தம்புசாமி இல்ல" என்றேன். "ஆமாமா, தம்புசாமிப் பிள்ளைன்னு போடச் சொல்லியிருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர், "நேர்ல போவோம். நான் வண்டி எடுக்குறேன்" என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

படையல் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் வீடு. கூடத்தில் இரண்டடி உயரத்தில் பாக்கஸ். அவ்வளவு பெரிதாக்கியதில் திராட்சை மணிகள் கோலிக்குண்டு மாதிரி தெரிந்தன. யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்தால்தானே தெரியும். முனியாயி அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். கந்தசாமி அண்ணன் புது வேட்டியில்.

நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். "அம்மா, பொட்டு வைக்காதீங்க. இது உங்க பூட்டன் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

எல்லாம் சொன்னேன். சந்தை, கோபம், இல்லாத கடிதம். அது யார் என்பதையும் சொன்னேன். படத்தில் திராட்சையைத் தொட்டுக் காட்டினேன்.

கந்தசாமி அண்ணன் படத்துக்குக் கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

முனியாயி அம்மாவின் மகள் பவானேஸ்வரிதான் பேசினார். சத்தம் போடவில்லை. "எங்கம்மா ரெண்டு வாரமா இந்த மொகத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. என் மூக்கு அவரு மூக்கு மாதிரின்னு எல்லாருக்கும் காட்டுனாங்க. உங்களுக்கு அது வெளையாட்டாக்கா?"

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

முனியாயி அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இவரு என்னா சாமின்னு சொன்னீங்க?"

"குடிக்கு... மதுவுக்குச் சாமிம்மா."

படத்தைப் பார்த்தார். கந்தசாமி அண்ணனைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப்போனேன். சிரிப்பு.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல கிராணி? எங்க பூட்டன் குடிப்பாருன்னு. நீங்கதான் ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு என் வாய மூடுனீங்க."

பவானேஸ்வரி சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டோம். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பூட்டனுக்கு வெறும் விளக்குதான்.

ஆகஸ்ட் 19

கந்தசாமி அண்ணன் குழுவிலிருந்து விலகிவிட்டார். 'கள் தொடாத கங்காணி'யை அழித்துவிட்டார். புலியும் போச்சு.

ஆகஸ்ட் 25

குத்புதீன் பாயிடம் என்ன செய்வது என்று கேட்டேன். "மன்னிப்பு கேட்டாச்சுல? இனி வேலையப் பாருங்க" என்றார். எந்த வேலை என்றேன். "மொகம் யாரோடதுன்னு தேடுறதுதானே உங்க வேலை. அந்தம்மாவுக்கு ஒரு ஆளு தொலைஞ்சு கெடக்கான். தேடுங்க."

செப்டம்பர் 3

இரண்டு நாள் விடுப்பு. தம்புசாமி இருந்த பழைய தோட்டத்துக்குப் போனேன். இப்போது முழுக்கச் செம்பனை மரங்கள். ஆபீஸ் பதிவேடுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. செருப்பு அறுந்தது.

செப்டம்பர் 5

கந்தசாமி அண்ணனிடமிருந்து குறுஞ்செய்தி. பாய் சொல்லியிருக்க வேண்டும். வணக்கம்கூட இல்லை. "தோட்டத்துக் கோயில் மணி இப்போ புதுக் கோயில் ஸ்டோர்ல இருக்கு. சாவி என்கிட்ட. சனி பத்து மணி."

செப்டம்பர் 7, சனி

போனேன். கதவைத் திறந்துவிட்டார். பித்தளை மணி, பச்சை பூத்து, சாக்குக்குள். இருவரும் புளி போட்டுத் தேய்த்தோம். அரை மணி நேரம் ஆனது. விளிம்பில் எழுத்து வந்தது. உளியால் வெட்டியது, கோணல்மாணலாக: தம்புசாமி க உபயம்.

நான் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். அவர் தாள் நகராமல் பிடித்துக்கொண்டார்.

"இதுல எதுவும் உங்க கைவேலை இல்லியே?"

"இல்லண்ணே."

"புளி வாசன ஒரு வாரம் போவாது" என்றார். இவ்வளவுதான் அவர் இன்று பேசிய மொத்தப் பேச்சு.

செப்டம்பர் 8

இருவரும் முனியாயி அம்மாவிடம் கொண்டு போனோம். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். வருஷம் இல்லை. இவர்தான் உங்கள் பூட்டன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"க போட்டிருக்கே. கங்காணிதான்" என்றார் அவர்.

"கடைக்காரராவும் இருக்கலாம்" என்றார் பவானேஸ்வரி. என்னைப் பார்த்து, "என்னாக்கா, சரிதானே?"

"இருக்கலாம்" என்றேன். முதல் முறையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. தேநீரில் இரண்டு கரண்டி சீனி அதிகம் போட்டிருந்தார். வேண்டுமென்றேதான். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

தாளைச் சட்டம் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் பாக்கஸ் படமும் இருக்கிறது. முனியாயி அம்மா தர மறுத்துவிட்டார்: "எங்க பூட்டனுக்குக் கூட்டாளியா இருக்கட்டும்."

செப்டம்பர் 16, திங்கள், மலேசிய தினம்

இன்று விடுமுறை. பதினோரு மணிக்கு வாசலில் கந்தசாமி அண்ணன். கையில் ஒரு பிஸ்கட் டின். குருபோங்கில் இருக்கும் எங்கள் வீடு வரை இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர், "சொல்லியிருந்தா நான் வந்து ஏத்தியிருப்பேனே" என்று கடிந்துகொண்டார்.

டின்னில் பாக்கஸ் நீங்கலாக அவருடைய நாற்பத்தொரு கேமியோவும். ஒவ்வொன்றோடும் சின்ன அட்டை, அழகான கிராணிக் கையெழுத்தில் சீமாட்டிகளின் பெயர்.

"லென்ஸ எடுங்க. உண்மையச் சொல்லுங்க. ஒண்ணு ஒண்ணா."

மாலை வரை பார்த்தோம். மூன்றுக்குச் செதுக்கியவரின் அடையாளம் கிடைத்தது. அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். பிறகு சீமாட்டிகள். பதினேழு பேர் ஃப்ளோரா, பூக்களின் தேவதை. ஒன்பது பேர் பாக்கஸின் தோழிகள். அதைச் சொன்னதும், "நம்ம வீடு கள்ளுக்கடையா இருந்திருக்கு" என்றார். மற்றவர்கள் யாரென்று எனக்கும் தெரியவில்லை. பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, புது அட்டையில் 'தெரியவில்லை' என்று எழுதினார். ஒவ்வொரு முறையும் முழுசாக, அதே அழகான கையெழுத்தில்.

முடிந்ததும் என் பெட்டியைக் காட்டச் சொன்னார். பத்தொன்பதையும் பார்த்தார். நடுவில் இருப்பதை எடுத்தார். நான் முதலில் வாங்கியது. மரியா என்று அட்டை வைத்திருக்கிறேன். நேப்பிள்ஸில் ஒரு மாலுமியின் மனைவி, கணவன் கடலுக்குப் போகுமுன் செதுக்கிக்கொண்டது என்று எல்லோருக்கும் சொல்வேன். என் வீட்டுக்காரரிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"இது எங்கேருந்து தெரிஞ்சுதும்மா?"

யோசித்தேன். வாங்கிய அன்று பஸ்ஸில் வரும்போது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்குத் தோன்றியது. பதினொரு வருஷமாகிறது.

அவர் ஒரு வெற்று அட்டையை என் பக்கம் நகர்த்தினார். பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.