ரயில் ஊதலுக்குப் படித்தவள் பாஸ்

செசிலி,

நம் மகள் ரோஸலின் சிங்கப்பூர் காலேஜ் நுழைவுப் பரீட்சையில் பாஸ்! நீ வெளியே போயிருந்தபோது தந்தி வந்தது; நான் போட்ட கூச்சலில் பிரிக்பீல்ட்ஸ் காக்கைகள் எல்லாம் பந்திங் ஊருக்கே ஓடிவிட்டன.

"இது வீடா, ஸ்டேஷனா? ஒரு ரயில் ஊதினா கணக்கு, மறு ரயில் ஊதினா சரித்திரமா? பிள்ளைக்குப் பைத்தியம் பிடிக்கும்!" என்று சொல்லித்தானே என்னோடு பேச்சை நிறுத்தினாய்? ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவனுக்கு வேறெந்தக் கடிகாரம் தெரியும்? எருமைப் பட்டாளம் தண்டவாளத்தை மறித்த அன்று அடுத்த ஊதலே வரவில்லை. பிள்ளை பொழுதுக்கும் ஜியாமெட்ரியே போட்டாள். பரீட்சையிலும் முக்கால்வாசி ஜியாமெட்ரிதானாம்!

மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. ரோஸலின் கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போயிருக்கிறாள்.

நான் கிள்ளானுக்கு, உன் தம்பி கிரிகரி வீட்டுக்குப் போகிறேன். "ரயில் ஊதலன்னா உங்க மக பரீட்சைப் பேப்பரைத் திருப்பவே மாட்டா மச்சான்" என்று சிரித்தானே, அவன் மூக்குக்கு நேரே தந்தியைப் பிடிக்க வேண்டும்.

உன் சவரிமுத்து

பி.கு.: சாயந்திர வண்டியில் திரும்புவேன். ஸ்டேஷனுக்கு வாயேன். நாலு பேர் முன்னால் திட்டினாலும் சரி, பேசினால் போதும்.