வாசலில் கிடந்த ஸ்னோபோர்ட்

சாருஜா இடக்கையால் எழுதினாள். வலக்கையில் மாவுக்கட்டு.

நேற்று மலையில் பனிச்சறுக்கிவிட்டு வந்த கணவன் நிருசன், ஸ்னோபோர்டைத் துடைக்காமல் வாசலிலேயே போட்டிருந்தான். விடிய எழுந்து வந்தவள் அதில் கால் தடுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தவன் குனிந்து தூக்கியது போர்டைத்தான்.

"கீறல் விழுந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவள் தனியாகத்தான் டொக்டரிடம் போய் வந்தாள்.

"நிருசன், உங்கடை சாமான் முழுக்கக் நிலத்துக்குக் கீழை கெல்லர் அறைக்குள்ளை வைச்சிட்டன். ஒத்தைக் கையாலை தூக்கிக்கொண்டு நாலு தரம் படி ஏறி இறங்கினன். போர்டின்ரை இரும்பு விளிம்பைத் துடைச்சுத்தான் வைச்சனான், கறள் பிடிக்காது. சப்பாத்தின்ரை உள்ளுறையைக் கழட்டிக் காயவிட்டிருக்கு. ஹெல்மெட் மேல்தட்டிலை. இனி ஒண்டும் வாசலுக்கு வரக்கூடாது.

மீன்குழம்பு பிரிட்ஜிலை இருக்கு. சோறு நீங்களே காய்ச்சுங்கோ.

நான் ரெனானிலை இருக்கிற தங்கச்சி வீட்டை போறன். எனக்குப் போன் எடுக்க வேண்டாம்."

சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதவுவரை போனவள், திரும்பி வந்து அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"கை முறிஞ்சு போச்சு. கட்டு அவிழ்க்க ஆறு கிழமை ஆகும் எண்டு டொக்டர் சொன்னவர். அவ்வளவு நாளும் அங்கைதான் இருப்பன். சனிக்கிழமை மாமி மகனைப் பாக்க வருவா. 'சாருஜா எங்கை?' எண்டு கேட்டால், ஏன் போனனான் எண்டதை உங்கடை வாயாலையே சொல்லுங்கோ."